பின்னிணைப்பில் இருக்கும் பெண்கள்

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள் வருகின்றன. தினைப்புனம் காக்கப் போய், அருவியாடி, பூப்பறித்த கதையைச் செவிலியிடம் சொல்லும் தோழிதான் அவற்றைப் பெயர்பெயராக அடுக்குகிறாள். எழுதியவர் ஆண், ஆனால் மலையை அறிந்த குரலாக அவர் தேர்ந்தது ஒரு பெண்ணை. வகுப்பில் நாமோ அதை மனப்பாடப் பட்டியலாக்கிவிட்டோம்.

சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கும்படி உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னது. அதில் பழங்குடி அறிவையும் சேர்க்க வேண்டும் என்று இப்போது பேசுகிறோம். சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் யாருடைய பெயரில்?

முனைவர் பட்ட ஆய்வுக்காக இருளர் குடியிருப்பு ஒன்றுக்குப் போயிருந்தேன். எந்த வேரை எப்போது தோண்டலாம், எவ்வளவு விட்டுவைத்தால் அடுத்த மழைக்குத் துளிர்க்கும் என்று ஒரு பாட்டி நாள் முழுக்க நடந்து காட்டினார். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அவரைத் 'தகவலாளி' என்று எழுதினேன். தொழில் என்ற கட்டத்தில், 'கூலி'. பட்டம் எனக்கு வந்தது.

அவர் தந்தது தகவல் அல்ல, பாடம். கையளவு எடு, மிச்சத்தை மண்ணுக்கு விடு என்ற அறமும் அதில் இருந்தது. அறிவை மட்டும் பிடுங்கி, அறிந்தவளை வெளியே நிறுத்தும் பாடத்திட்டம் அந்த அறத்துக்கே எதிரானது.

மரபறிவின் மீது காடுசார் சமூகங்களுக்குள்ள உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்கிறது. கல்லூரிகளும் ஏற்கட்டும். பாடநூலில் அந்தப் பெண்களின் பெயர் ஆசிரியராக இடம்பெறட்டும். வகுப்பெடுக்க வரும்போது, சிறப்பு விரிவுரையாளருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தை அவர்களுக்கும் தருவோம்.