இரு வேந்தரிடையே ஒரு தோழி

ஒருவர் வாய்ச்சொல்லை அவர் மனமும் அவரைச் சூழ்ந்த சமுதாயமும் சேர்ந்தே உருவாக்குகின்றன. இவ்வுண்மைக்குக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு நல்ல சான்று. அதன் 261 அடிகளும் தோழி செவிலியிடம் நிகழ்த்தும் ஒரே பேச்சு.

தலைவி மெலிகிறாள், காரணம் அறியாச் செவிலி தெய்வங்களை வேண்டுகிறாள். நாணமும் குடிப்பழியும் தலைவியின் வாயை அடைக்கவே, தோழி பேசுகிறாள். பகைகொண்ட இரு வேந்தரிடையே நின்ற சான்றோர்போல் இருபுறமும் அஞ்சுவதாக அவள் கூறுமிடமே பாட்டின் உயிர்நிலை. உண்மையை அவள் மறைக்கவில்லை. எடுத்த எடுப்பில் கொட்டவுமில்லை. சினவாதே என வேண்டி, தினைப்புனக் காவலையும் சுனையாடலையும் சொல்லி, அதன் பின்னரே தலைவன் வந்ததையும், மதயானைமேல் அம்பெய்து காத்ததையும் கூறுகிறாள். இடையில் வரும் 99 மலர்களை வெறும் புலமை விளையாட்டு என்பாருமுளர். கேட்பவள் மனம் ஆறுவதற்குத் தோழி தரும் அவகாசம் அது என்பதே நம் கருத்து.

ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடியது இது என்பது வழிவழிச் செய்தி. வேற்றுமொழி வழங்கும் ஊர்களில் பெண்மக்களை வளர்க்கும் நமக்கும் இதில் பாடமுண்டு. நம் இல்லங்களில் இடைநின்று பேசத் தோழியில்லை. மகளே பேசியாக வேண்டும். அந்தச் செவிலி குறுக்கே ஒரு சொல்லும் சொல்லவில்லை. அப்பொறுமையை நாம் பெற்றாலன்றி, எத்துணைத் தமிழ் கற்பித்தாலும் நம் பிள்ளைகள் நம்மிடம் அதைப் பேசமாட்டார்கள்.