ஸ்பைடரும் தாடகையும்

சிவகாசியிலிருந்து வரும் படக்கதைகளை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதே அபத்தம் என்று நினைக்கிறவர்கள் நம் வட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சமாதானம் சொல்லும் உத்தேசம் எனக்கில்லை. நம் நாவல்கள் பலவும் தொடத் தயங்கிய ஒரு தார்மீகச் சிக்கலை ஒரு காமிக்ஸ் பாத்திரம் அனாயாசமாகச் சுமந்து நின்றது. பின்னால் வந்தவர்கள் அதை இறக்கி வைத்துவிட்டார்கள். எனக்கு இதில்தான் அக்கறை.

பாத்திரம் ஸ்பைடர். அமெரிக்கச் சிலந்தி மனிதன் அல்ல. பிரிட்டனின் 'லயன்' வாரப் பத்திரிகையில் 1965ல் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரையப் பிறந்தவன். பெட்டகம் உடைப்பதில் சூரனான ராய் ஆர்டினி, விஞ்ஞானி பெல்ஹாம் என்று இரண்டு குற்றவாளிகளைச் சேர்த்துக்கொண்டு, திருடர்களுக்கெல்லாம் சக்கரவர்த்தியாகக் கிளம்புகிறான். அடுத்த வருஷம் எழுதும் பொறுப்பு ஜெர்ரி சீகலுக்கு வந்தது. சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். சீகல் 1933ல் எழுதிய முதல் சூப்பர்மேன் கதையில் சூப்பர்மேன் ஒரு வில்லன். 1938ல் உலகம் அவனைப் பார்த்தபோதுதான் ரட்சகனாகியிருந்தான். ஸ்பைடரையும் அவர் அதே வழியில் திருப்பினார், குற்றவாளிகளுக்கு எதிராக. ஆனால் திருந்தியவனின் கண்ணீர் இதில் கிடையாது. அகந்தை அப்படியே இருக்கிறது, எதிரி மட்டும் மாறியிருக்கிறான். தன்னைவிடப் பெரிய திருடன் இருக்கக் கூடாது என்பதற்காகத் திருடனைப் பிடிக்கிற ஒருவனை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

'ஆண்ட்டி ஹீரோ' என்பதை நாம் எதிர்நாயகன் என்று மொழிபெயர்த்து, அதே சொல்லை வில்லனுக்கும் கொடுத்துவிட்டோம். நாயகனின் குணங்கள் இல்லாமல் நாயகனின் இடத்தில் நிற்கிறவன் அவன். 1972ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி'யும் இந்த ஜாதிதான். லூயிஸ் க்ராண்டல், வலது கையை இழந்த ஆய்வுக்கூட உதவியாளன். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் தெரிகிறது. 1962ல் 'வேலியண்ட்' பத்திரிகையில் தொடங்கிய முதல் தொடரில் அவன் குற்றவாளி. பிறகுதான் அரசாங்கத்தின் ரகசிய உளவாளி. 1984ல் சிவகாசியில் லயன் காமிக்ஸ் தொடங்கி ஸ்பைடரைக் கொண்டுவந்தபோது, சொந்த ஊரில் அவன் கதை நின்று பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. தஞ்சை ஜில்லாப் பையன்கள் ஒரு திருடனின் ஹெலிகாரில் ஏறிக்கொண்டு, போலீஸ் அவனைப் பிடித்துவிடக் கூடாதே என்று பயந்தார்கள். அந்தப் பயத்தில் ஒரு குற்றப் பங்கு இருக்கிறது. இந்த வகைக் கதையின் உயிர் அது என்று நினைக்கிறேன்.

மாற்று உலகக் கதைகள் அமெரிக்காவில் தழைத்தவை. 1964ல் டி.சி. நிறுவனத்தார் மூன்றாம் பூமி என்று ஒன்றைச் சிருஷ்டித்து, சூப்பர்மேன் கோஷ்டியின் பிரதிகளைக் கொள்ளைக்காரர்களாக்கினார்கள். 1977ல் மார்வெல்காரர்கள் 'வாட் இஃப்' என்று பத்திரிகையே தொடங்கினார்கள். நாயகனைத் தலைகீழாக்குவது சுலபம். பூவைத் திருப்பினால் தலை. பாதித் திருடனைத் திருப்பினால் என்ன கிடைக்கும்? மறுபடியும் பாதித் திருடன்தான். எனவே அவனை வில்லனாக்க விரும்புகிறவர்கள் திருப்புவதில்லை, ஒரு பாதியை வெட்டி எறிகிறார்கள். பால் க்ரிஸ்ட் 2000ல் தொடங்கிய 'ஜாக் ஸ்டாஃப்' தொடரில் ஸ்பைடரின் சாயலில் வருகிறவன் வெறும் குற்றவாளி. சாமர்த்தியமான கதைதான். ஆனால் அவனைப் படிக்கும்போது நான் பத்திரமாகக் கரையில் உட்கார்ந்திருக்கிறேன். அவன் பிடிபட்டால் எனக்கு நஷ்டமில்லை.

இதை முதிர்ச்சி என்று நண்பர்கள் சொல்கிறார்கள். குழந்தைக் கதையில் மூடி வைத்த உண்மையைத் திறந்துவிட்டார்களாம். வங்கியில் எங்களுக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. இன்ன கணக்கில் சேரும் என்று தீர்மானமாகாத தொகை அங்கே கிடக்கும். ஆடிட்டர் வந்தால் அவர் கண் முதலில் அங்கேதான் போகும்; உடனே நேர் செய்யச் சொல்வார். வங்கிக்கு அது நியாயம். இலக்கியத்துக்கு ஆடிட்டர் புத்தி ஆகாது.

'ஆல்பியன்' (2005–06) மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. ஆலன் மூர் கதையமைக்க, அவர் மகள் லியாவும் ஜான் ரெப்பியனும் எழுதியது. இந்த உலகில் பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் பாத்திரங்கள் உண்மை மனிதர்கள். அரசாங்கம் அவர்களை ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டையில் அடைத்து வைத்திருக்கிறது. ஸ்பைடரும் கைதி. இங்கே அவனைக் குற்றவாளி என்று எழுதி வைத்திருப்பது சர்க்கார் ஃபைல். அந்த ஃபைலை நம்புவதா வேண்டாமா என்பது வாசகன் பாடு. பழைய பெயர்களைக் கூட்டமாக அள்ளிப்போட்டு மூச்சு முட்ட வைக்கிறார்கள் என்றாலும், தீர்ப்பு யாருடையது என்று கேட்கத் தெரிந்திருக்கிறது.

நான் வசிக்கும் திருப்பனந்தாளில் கோயிலுக்குத் தாடகையீச்சரம் என்று பெயர். மாலை சாத்தும்போது சேலை நெகிழ்ந்து தவித்த தாடகைக்காக லிங்கம் தலை சாய்த்தது என்பது தலபுராணம். அரசனின் யானைகள் இழுத்தும் நிமிராததைக் குங்கிலியக் கலயர் தம் கழுத்தில் கயிறு மாட்டி நிமிர்த்தினார் என்கிறது பெரியபுராணம். இராமன் அம்பில் மாண்டவள் வேறு தாடகை என்று வாதாடலாம். பெயர் ஒன்றுதான், அரக்கியின் பெயர். அதைக் கழுவிச் சுத்தம் செய்யாமலே ஈசன் பெயரோடு சேர்த்திருக்கிறார்கள். இதற்காகக் கம்பனில் ஒரு பாட்டையும் யாரும் திருத்தவில்லை. 1946ல் வந்த 'இராவண காவிய'த்தில் புலவர் குழந்தைக்கு அந்தப் பொறுமை இல்லை. இராவணன் முழு உத்தமனாக வேண்டுமானால் இராமன் முழு அயோக்கியனாக வேண்டியிருந்தது. 1948ல் தடை செய்து 1971 வரை அரசு அதற்குப் புகழ் சேர்த்தது வேறு விஷயம். கம்பனின் இராவணன் சாகும்போது என்னில் ஏதோ சாகிறது. குழந்தையின் இராவணன் செத்தால் ஒரு வழக்கு தோற்கிறது, அவ்வளவுதான்.

பழைய ஸ்பைடர் கதைகளை ரெபெல்லியன் நிறுவனம் 2021ல் புத்தகமாகப் போட்டிருக்கிறது. தாள் நல்ல தாள். அச்சும் சுத்தம். கோவன் எழுதிய ஆரம்ப அத்தியாயங்களில் அவன் இன்னும் கொள்ளையடித்துக்கொண்டுதான் இருக்கிறான், நானும் இன்னும் அவன் பக்கம்தான்.