இரண்டு இரவுகளுக்காக மூன்று மாதங்கள்

நவீன நாடகக்காரர்கள் கூடும் இடங்களில் ஒரு வாதம் இப்போது செல்வாக்குப் பெற்று வருகிறது. நாடகம் பார்ப்பவருக்கானது அல்ல, செய்பவருக்கானது. ஒத்திகையின்போதே நடிகரின் உடலும் மனமும் மாறிவிடுகின்றன. அதன்பின் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை முறை நடந்தது என்பது பொருட்டே இல்லை என்கிறார்கள். அண்மையில் ஒரு கருத்தரங்கில் இயக்குநர் ஒருவர் இதைச் சொன்னபோது அரங்கமே கைதட்டியது. என்னால் தட்ட முடியவில்லை.

அவர்கள் நிலைமை எனக்குத் தெரியும். அரங்க வாடகை, ஒளியமைப்பு, பயணச் செலவு எல்லாம் கைப்பணம். பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு ஓடிவரும் நடிகர்களைக் கொண்டுதான் எல்லாம் நடந்தாக வேண்டும். 1977இல் காந்திகிராமத்தில் சே.இராமானுஜம் நடத்திய நாடகப் பட்டறையும், நவீன நாடகக் குழுக்களான கூத்துப்பட்டறையும் பரீக்‌ஷாவும் நிஜ நாடக இயக்கமும் இல்லாதிருந்தால், வசனத்தை ஒப்பிப்பதுதான் நடிப்பு என்றே நாம் இன்னும் நம்பிக்கொண்டிருப்போம். கூத்துப்பட்டறையின் ந.முத்துசாமி தன் நடிகர்களுக்குக் கொடுத்த உடற்பயிற்சியின் பலனைப் பசுபதியும் கலைராணியும் குரு சோமசுந்தரமும் திரையில் நிற்கும் விதத்திலேயே காணலாம். சென்னைக் கலைக்குழு போன்ற வீதி நாடகக் குழுக்களுக்கு என் குறை பொருந்தாது. அவர்கள் ஒரே நாடகத்தைத் தெருத்தெருவாக எடுத்துச் சென்றவர்கள். இவ்வளவையும் ஒப்புக்கொண்டு சொல்கிறேன்: மூன்று மாதம் ஒத்திகை பார்த்து இரண்டு இரவு மட்டும் ஆடிவிட்டு மூட்டை கட்டும் வழக்கம் நம் நாடகத்தின் நோய். அதற்குத் தத்துவம் சொல்வது நோயைவிடக் கேடானது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படியொரு நாடகத்தில் நடித்தேன். தொண்ணூறு நாள் ஒத்திகை. விழுவதற்கும் எழுவதற்கும் மூச்சு விடுவதற்கும் பழகினோம். முதல் இரவு பயத்தில் போயிற்று. இரண்டாம் இரவு, ஒரு காட்சியில் நான் பேசாமல் நின்ற இடத்தில், முன்வரிசையிலிருந்த ஒரு மூதாட்டி 'ஐயோ' என்று வாய்விட்டுச் சொன்னார். அந்த இடத்தில் அப்படி ஒரு வலி இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. இயக்குநரும் அதைச் சொல்லித் தந்திருக்கவில்லை. நாளை அந்த மௌனத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தபடி வேடம் கலைத்தேன். நாளை என்று ஒன்று இல்லை. மறுநாள் காலை அரங்கப் பொருள்களை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அந்தப் பாத்திரத்தை நான் பிறகு ஆடவே இல்லை.

அதே ஆண்டு மதுரைப் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழாவில் ஸ்பெஷல் நாடகம் பார்த்தேன். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்'. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். அன்று மாலை ஒப்பனைக் கொட்டகையில்தான் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ஒத்திகையே கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை ஆடுகிறார்கள். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில் கூட்டம் சிரித்தால் இன்னொரு சுற்றுக்கு இழுக்கிறார்கள். களைத்தால் ஒரு பாட்டை எடுத்துவிடுகிறார்கள். நூற்றுக்கணக்கான இரவுகள் அந்த உடலுக்குள் இருப்பதால்தான் அது முடிகிறது. எங்களுக்கு ஒத்திகை தொண்ணூறு, இரவு இரண்டு. அவர்களுக்கு ஒத்திகை ஒன்றுமில்லை, இரவுகளுக்குக் கணக்கில்லை. நடிப்பைப் பற்றி அதிகம் அறிந்தவர் யார் என்று அன்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

தொண்டை மண்டலத்துத் தெருக்கூத்திலும் இதே உண்மைதான். திரௌபதியம்மன் திருவிழாவில் கர்ணனாக வேஷம் கட்டுபவர் ஒரு பருவத்திலேயே பல ஊர்களில் சாகிறார். ஓர் ஊரில் மழை, ஓர் ஊரில் சண்டை, ஓர் ஊரில் அழுது தீர்க்கும் பெண்கள். ஒவ்வோர் இரவும் கர்ணனைப் பற்றி அவருக்குப் புதிதாக ஏதோ ஒன்றைச் சொல்லித் தருகிறது. புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் நம் நவீன நடிகர்கள் அடவு கற்றார்கள். முகத்தில் அரிதாரம் பூசக் கற்றார்கள். அவரை அவராக்கிய ஒன்றை மட்டும் கற்கவில்லை: திரும்பத் திரும்ப ஆடுவது.

'ரத்தக்கண்ணீர்' எம்.ஆர்.ராதாவை நினைத்துப் பாருங்கள். மேடையில் பல்லாண்டுகள் ஓடிய நாடகம் அது. 1954இல் படமாக வந்த பிறகும் அவர் அதை மேடையேற்றிக்கொண்டிருந்தார். அன்றன்றைய செய்தியை எடுத்து மேடையிலேயே வம்புக்கிழுப்பார். எழுதியவர் திருவாரூர் கே.தங்கராசு. ஆனால், ஆடி ஆடியே ராதா அதைத் தனதாக்கிக்கொண்டார். நடிகர் ஒரு பாத்திரத்துக்கு உரிமையாளர் ஆவதற்கு வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இரண்டு இரவு நாடகத்தில் அந்த உரிமை இயக்குநரிடமே தங்கிவிடுகிறது. ஒத்திகைக் காலம் முழுவதும் அவர் சொல்வதே சட்டம். காட்சி நடக்கும் இரண்டு நாளும் அவர் ஒளிப்பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தான் வரைந்த கோட்டில் நடிகர் நடக்கிறாரா என்று பார்க்கிறார். அவர் கண்ணிலிருந்து விலகி, கூட்டத்தை நம்பி அடியெடுத்து வைக்கும் நாள் நடிகருக்கு வருவதே இல்லை. நாடகம் செய்பவருக்கானது என்று இயக்குநர்கள் சொல்லும்போது அந்தச் செய்பவர் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. மூன்று மாதத்தில் தன் கற்பனை முழுமையாக உருவாகிவிட்டதைப் பார்த்து நிறைவடைபவர் இயக்குநர். நடிகருக்கு வேலை அப்போதுதான் தொடங்குகிறது. தன் நிறைவை நடிகரின் நிறைவாக இயக்குநர் சொல்லிக்கொள்கிறார்.

சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய அந்தக்கால பாய்ஸ் கம்பெனி வாத்தியார்கள் இந்த இயக்குநர்களைவிடக் கொடுமைக்காரர்கள். பிள்ளைகளை அடித்துச் சொல்லிக் கொடுத்தவர்கள். அந்த முறை திரும்ப வர வேண்டும் என்று யாரும் விரும்பமாட்டார்கள், நானும்தான். ஆனால் 1918இல் ஆறு வயதில் கம்பெனியில் சேர்ந்த தி.க.சண்முகத்துக்கு ஊர் ஊராக மேடை கிடைத்துக்கொண்டே இருந்தது. பாடம் சொன்னவர் வாத்தியார் என்றால், நடிகராக்கியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அவருடைய 'எனது நாடக வாழ்க்கை'யைப் படித்தவர்களுக்கு இது தெரியும்.

நாடகம் செய்பவருக்கானது என்ற வாதத்துக்குத் துணையாக எப்போதும் போலந்து இயக்குநர் குரோட்டோவ்ஸ்கி வருகிறார். அவர் ஒரு கட்டத்தில் பார்வையாளருக்காக நாடகம் தயாரிப்பதையே விட்டுவிட்டு, செய்பவரின் அகத்தேடலுக்குப் போனார் என்பது உண்மை. ஆனால் எப்போது போனார்? போலந்து அரசின் பணத்தில், சம்பளம் வாங்கிய நடிகர்களோடு, ஒரே நாடகத்தை ஆண்டுக்கணக்கில் ஆடிய பிறகு. 1969இல் அரங்கேறிய அவருடைய கடைசி நாடகம் பத்தாண்டுக்கு மேல் நடந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டவர் மேற்கொண்ட விரதம் அது. இலையே போடாத வீட்டில் அதற்குப் பட்டினி என்று பெயர்.

இலை போடவே முடியாது என்பதும் இல்லை. கர்நாடகத்தின் ஹெக்கோடு ஒரு சிற்றூர். அங்கே கே.வி.சுப்பண்ணா வளர்த்தெடுத்த நீனாசம் நாடக அமைப்பு, 1985 முதல் 'திருகாட்டா' என்ற சுற்றுக்குழுவை ஆண்டுதோறும் அனுப்பி வருகிறது. நடிகர்களுக்குச் சம்பளம் உண்டு. நாடகங்கள் மாநிலம் முழுவதும் ஊர் ஊராகப் போகின்றன. 1989இல் மைசூரில் பி.வி.காரந்த் தலைமையில் அரசே ரங்காயணா என்ற நாடக நிறுவனத்தைத் தொடங்கியது. இவர்களும் பிரெக்டையும் ஷேக்ஸ்பியரையும் காளிதாசனையும்தான் ஆடுகிறார்கள். சோதனை நாடகத்துக்குக் கூட்டம் வராது, திரும்ப ஆட முடியாது என்று இங்கே சொல்லப்படும் சாக்கு பக்கத்து மாநிலத்திலேயே பொய்யாகிவிட்டது.

சபா நாடகங்களை நம் நவீனர்கள் ஏளனம் செய்கிறார்கள். எனக்கும் அவற்றில் பல பிடிக்காது. ஆனால் கிரேசி மோகன் குழுவினர் ஒரே நாடகத்தைப் பல நூறு முறை ஆடினார்கள். சிரிப்பு எந்த நொடியில் எழும், எந்த நொடியில் அடங்கும் என்பதை அந்த நடிகர்கள் அறிந்திருந்த அளவுக்கு, துயரம் எந்த நொடியில் தைக்கும் என்பதை நம் நடிகர்கள் அறியவில்லை. அறிவதற்கு நாம் அவர்களுக்கு இரவுகளைத் தரவில்லை.

இரவுகள் இல்லாததால் ஊதியம் இல்லை. ஊதியம் இல்லாததால் நல்ல நடிகர் முப்பது வயதில் சினிமாவுக்குப் போகிறார். போனதும் அவரைத் துரோகி என்கிறோம். அவர் புகழ் பெற்றதும் எங்கள் பட்டறையில் வளர்ந்தவர் என்று மேடையில் சொல்லிக்கொள்கிறோம். இந்த இரண்டு பேச்சுக்கும் நமக்கு உரிமை இல்லை. நடிப்பைத் தவம் என்கிறோம். அந்தச் சொல்லை இனி நாம் கூச்சத்தோடுதான் பயன்படுத்த வேண்டும். கூலி கொடுக்காத வேலைக்கு அது போர்வையாகிவிட்டது.

பணம் எங்கே என்று கேட்பார்கள். மூன்று மாத ஒத்திகைக்கும் இரண்டு நாள் பெரிய அரங்குக்கும் திரட்டிய பணம் எங்கிருந்து வந்ததோ, அங்கிருந்துதான். ஒத்திகையை ஒரு மாதம் குறையுங்கள். பெருநகர அரங்கை விட்டுவிடுங்கள். பள்ளிக்கூடம், திருமண மண்டபம், நூலக மாடி, கோயில் திடல் என்று பத்து இடங்களை முதலில் குறியுங்கள். அதற்குப் பிறகு நாடகத்தைத் தேர்ந்தெடுங்கள். பத்து இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாத அரங்கப் பொருளைச் செய்யாதீர்கள். முதல் காட்சி முடிந்ததும் இயக்குநர் ஊருக்குப் போய்விடட்டும். நடிகர்கள் தனியாக ஆடட்டும்.

பார்ப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு நாடகம் பிடித்திருந்தால், அடுத்த காட்சி எங்கே என்று அந்தக் குழுவிடம் கேளுங்கள். இல்லை என்றால், எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று கூப்பிடுங்கள். கூத்தாடிகளுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த ஊர்கள்தான் கூத்தை இத்தனை காலம் காப்பாற்றின. நவீன நாடகத்துக்கு அப்படி வெற்றிலை பாக்கு வைக்க இன்னும் யாரும் வரவில்லை.