அறைக்குள் பிறந்த எட்டுத் தடங்கள்

கொரிய இசைக் குழுவான பிடிஎஸ்ஸின் ஆல்பங்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது 2020 நவம்பர் 20 அன்று வெளிவந்த 'பி'. பொதுமுடக்கத்தில் காந்தி சிலையைச் சுற்றிக்கூட ஆளில்லாமல் புதுச்சேரிக் கடற்கரைச் சாலை வெறிச்சோடிக் கிடந்த ஆண்டு அது. உலகச் சுற்றுப்பயணம் நின்றுபோன அந்த ஏழு இளைஞர்களும் எங்களைப் போலவே நான்கு சுவர்களுக்குள் இருந்தார்கள்.

இந்த ஆல்பத்தின் 'லைஃப் கோஸ் ஆன்' பாட்டில் ஆர்ப்பாட்டமே இல்லை. கிதார் மெல்ல நடக்க, குரல்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் வருகின்றன. பெரும்பகுதி கொரிய மொழியில் அமைந்த பாட்டுகளில், அமெரிக்க பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்த முதல் பாட்டு இதுதான். காணொளியை இயக்கியவர் குழுவின் இளையவரான ஜங்குக். ஆளற்ற அரங்கில் அவர்கள் பாடும் காட்சியைக் கடந்து போக எனக்கு இன்னும் மனம் வருவதில்லை.

ஆனாலும் ஆல்பத்தின் உயிர் 'ப்ளூ அண்ட் கிரே'தான். குழு உறுப்பினரான வி தன் தனி வெளியீட்டுக்காக வைத்திருந்த பாட்டு அது. மனச்சோர்வை அலங்கரிக்காமல் பாடுகிறார்கள். புகழின் உச்சியில் இருப்பவர்கள் இவ்வளவு வெளிப்படையாகச் சோர்வைச் சொல்வது பெரிய துணிச்சல். 'டிஸ்-ஈஸ்' பழைய ஹிப்-ஹாப் துள்ளலோடு வேலைப் பதற்றத்தைப் பேசுகிறது. அதற்குக் கிடைத்த பேச்சு போதவே போதாது.

ஒரே குறை, கடைசியில் வைத்த 'டைனமைட்'. ஆகஸ்டிலேயே ஆங்கிலத்தில் வந்து உலகை ஆட்டிய டிஸ்கோ பாட்டு, நல்ல பாட்டுதான். ஆனால் இந்த ஆல்பத்தின் அமைதிக்குள் அது ஒட்டவில்லை. நான் அதற்கு முந்தைய 'ஸ்டே'யோடு நிறுத்திவிடுவேன்.