நிலத்தின் மேல் கடனா, நீரின் மேல் கடனா?

தென் கலிபோர்னியாவில் சொந்த வீடு வைத்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் கவுண்டி அலுவலகத்திலிருந்து சொத்து வரிச் சீட்டு ஒன்று வந்து சேருகிறது. அதன் முதல் தவணையை டிசம்பர் 10ஆம் தேதிக்குள்ளும், இரண்டாம் தவணையை ஏப்ரல் 10ஆம் தேதிக்குள்ளும் செலுத்தியாக வேண்டும். வீட்டின் மதிப்பில் நூற்றுக்கு ஒன்று என்ற பொது வரிக்குக் கீழே, வாக்காளர்கள் முன்னாளில் ஒப்புதல் அளித்த கடன்களின் பட்டியல் வருகிறது. பள்ளிக்கூடக் கட்டடங்களுக்காக வாங்கிய கடன், கல்லூரிகளுக்காக வாங்கிய கடன் ஆகியவற்றின் நடுவே, உள்ளூர் நீர் அமைப்புகளுக்கு மொத்தமாகத் தண்ணீர் விற்கும் பெருநகர நீர் வாரியத்தின் பெயரும் அங்கே காணப்படும். பல ஆண்டுகளாக அந்தப் பெயருக்கு எதிரே 0.0035 சதவீதம் என்றிருந்த விகிதத்தை 2024ஆம் ஆண்டில் வாரியம் 0.0070 ஆக்கியது. ஐந்து லட்சம் டாலர் மதிப்பிடப்பட்ட வீட்டுக்காரர் அதுவரை பதினேழரை டாலர் கட்டி வந்தார். அதன்பின் 35 டாலர் கட்டுகிறார்.

அதே வீட்டுக்குத் தண்ணீர்க் கட்டணச் சீட்டு ஒன்றும் தனியே வருகிறது. மீட்டரின் அளவுக்கு ஏற்ற நிலையான கட்டணம் ஒன்றும், செலவான தண்ணீருக்கு யூனிட் கணக்கில் ஒரு தொகையும் அதில் இருக்கும். யூனிட் என்பது நூறு கன அடி. அதாவது 748 காலன். அந்த யூனிட் விலைக்குள்ளே வாரியம் கட்டிய கால்வாய்கள், நீர்த்தேக்கங்கள், சுத்திகரிப்பு நிலையங்கள் ஆகியவற்றின் முதலும் வட்டியும் கலந்திருக்கின்றன. ஆக, ஒரே ஸ்தாபனத்தின் கடனை ஒரே குடும்பம் நிலத்துக்கு உடையவர் என்ற முறையில் ஒரு தரமும், தண்ணீர் குடிப்பவர் என்ற முறையில் மறு தரமும் அடைத்து வருகிறது. இவ்விரு வழிகளில் எது நியாயத்துக்கு அருகில் நிற்கிறது என்பதே இங்கு நாம் ஆராய வேண்டிய விஷயம்.

நீருக்காக நிலத்தின் மேல் கடன் ஏற்றும் வழக்கம் அந்த மாநிலத்துக்குப் புதிதன்று. 1887ஆம் ஆண்டில் மொடெஸ்டோ ஊரைச் சேர்ந்த ரைட் என்ற சட்டமன்ற உறுப்பினரின் பெயரால் வழங்கும் சட்டம், பாசன வாரியங்கள் கடன் பத்திரம் வெளியிடவும், அதனை அடைக்கத் தங்கள் எல்லைக்குட்பட்ட எல்லா நிலங்களின் மீதும் வரி விதிக்கவும் இடம் கொடுத்தது. பாசனம் வேண்டாமென்று சொன்ன நிலக்கிழார்களும் வரி கட்ட வேண்டுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1896இல் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பு வந்ததேயொழிய, அக்காலத்தில் தோன்றிய வாரியங்களில் பெரும்பாலானவை கடனை அடைக்க வழியின்றி நொடித்துப் போயின. டர்லாக், மொடெஸ்டோ போன்ற சிலவே தப்பிப் பிழைத்தன.

பெருநகர நீர் வாரியம் 1928ஆம் ஆண்டில் அமைந்தது. கொலராடோ ஆற்றுத் தண்ணீரைப் பாலைவனத்தையும் மலைகளையும் கடந்து 242 மைல் தூரம் கொண்டுவருவதற்காக, 1931 செப்டம்பர் 29ஆம் தேதி, 22 கோடி டாலர் கடனுக்கு வாரியம் மக்களிடம் வாக்குக் கேட்டது. அக்காலம் எத்தகையது என்பதை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். வங்கிகள் மூடிக்கொண்டிருந்தன; வேலையற்றோர் கஞ்சிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தனர்; நாளைக்கு வீடு தம் கையில் இருக்குமா என்று தெரியாதவர்கள், அந்த வீட்டின் மேலேயே ஒரு பெருங்கடனை ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்கப்பட்டார்கள். ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் அவர்கள் சம்மதித்தார்கள். பத்திரங்களைச் சந்தையில் வாங்குவார் இல்லாதபோது மத்திய அரசின் புனர்நிர்மாண நிதிக் கழகம் அவற்றை வாங்கிக்கொண்டது. ஐந்து நீரேற்று நிலையங்கள் தண்ணீரை 1,600 அடிக்கு மேல் தூக்கிவிட, 1941 ஜூன் மாதத்தில் நகரங்களுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது.

வந்த தண்ணீருக்கு அப்போது அவ்வளவாகத் தேவை இருக்கவில்லை. லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துக்கு ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து தனிக் கால்வாய் முன்பே இருந்தது. ஆகவே கொலராடோ நீரை அது அதிகம் எடுக்கவில்லை. இங்கேதான் நிலத்தின் மேல் கடன் ஏற்றும் முறையின் பெருஞ்சிறப்பு வெளிப்படுகிறது. தண்ணீர் விற்ற காசைக் கொண்டுதான் வட்டி கட்ட வேண்டும் என்றிருந்தால் அந்த வாரியம் ரைட் சட்டத்து வாரியங்களின் கதியையே அடைந்திருக்கும். மழை பெய்தாலும் பொய்த்தாலும், குழாயைத் திறந்தாலும் மூடினாலும், நிலம் ஓரிடத்துக்கும் ஓடிப்போவதில்லையாதலால், அதன் மேலிட்ட வரி தவணை தவறாமல் வந்தது. கடன் கொடுத்தவன் நம்பிக்கையோடு குறைந்த வட்டிக்குக் கொடுத்தான். அதோடு, நீர் நாளைக்கு நிச்சயம் வரும் என்ற ஒரே காரணத்தால் காலிமனைக்குக்கூட விலை ஏறியது. ஒரு சொட்டுத் தண்ணீரும் செலவழிக்காத அந்த மனைக்காரன் பெற்ற லாபத்திலிருந்து ஒரு பங்கை நீரின் கடனுக்குக் கேட்பது முற்றிலும் நியாயமே என்பது என் துணிபு.

குறையும் அங்கேயே முளைத்தது. வரி சொத்து மதிப்பின்படி வந்ததால், மிகுந்த சொத்துடைய லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தார் பல ஆண்டுகள் பெரும்பகுதியை வரியாகக் கட்டிச் சிறிதளவு நீரே பெற்றார்கள். பின்னர் வந்து சேர்ந்த சான் டியேகோ முதலிய பிரதேசங்கள் வளர்ந்து பெருகி நீரை நிறைய எடுத்துக்கொண்டன. ஒருவர் கடன் அடைக்க, மற்றவர் தோட்டம் செழித்தது. ஆயினும் சட்டம் இதற்கொரு பரிகாரம் வைத்திருந்தது: பற்றாக்குறை நேர்ந்தால் எந்த ஊருக்கு எவ்வளவு நீர் என்ற முன்னுரிமை, அந்த ஊர் வரியாகவும் பிற வகையிலும் செலுத்திய தொகையைப் பொறுத்தே கணக்கிடப்படும், தண்ணீர் வாங்கக் கொடுத்த விலை அதில் சேராது. நெடுங்காலம் நீரை விலைக்கு வாங்கி வந்த சான் டியேகோ, அந்தப் பணமும் கடனை அடைக்கத்தானே போயிற்று என்று வழக்காடியது, 2004இல் தோற்றது. சட்டத்தின் சொற்படி தீர்ப்புச் சரியே. ஆனால் யூனிட் விலைக்குள் கடனை மறைத்து வைத்துவிட்டு, அந்த விலையைக் கொடுத்தவனுக்கு உரிமை இல்லை என்று சொல்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

இதற்கு மேல் ஒரு குறையை மக்களே உண்டாக்கினார்கள். 1978ஆம் ஆண்டின் 13ஆவது முன்மொழிவு, வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது, வீடு கைமாறும்போதுதான் சந்தை மதிப்புக்கு உயரலாம் என்று வரையறுத்துவிட்டது. ஒரே தெருவில், ஒரே கொத்தனார் கட்டியது போன்ற இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். நாற்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் முதியவரின் வீட்டுக்கு வரி மதிப்பு 1,20,000 டாலர். சென்ற ஆண்டு வாங்கிய இளந்தம்பதியின் வீட்டுக்கு 9,00,000 டாலர். இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய், ஒரே தண்ணீர், ஒரே கடன். முதியவர் ஆண்டுக்கு 8 டாலர் 40 செண்ட் கட்ட, தம்பதியர் 63 டாலர் கட்டுகின்றனர். முதியவரை வரிச்சுமையால் வீட்டைவிட்டுத் துரத்தலாகாது என்ற கருணை நல்லதே. அந்தக் கருணைக்கான விலையைக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டிருக்கும் அடுத்த வீட்டுக்காரி மட்டும் கொடுப்பது நல்லதாகாது.

இத்தகைய காரணங்களால் நிலத்திலிருந்து நீருக்குப் பாரம் மெல்ல நகர்ந்தது. 1980களில் வந்த சட்டத்திருத்தம், சொத்து வரியை ஈடாகக் காட்டிய பழைய பொதுப் பொறுப்புப் பத்திரங்களுக்கும், வடக்கிலிருந்து நீர் கொண்டுவரும் மாநில நீர்த் திட்டத்தில் தன் பங்குக்கும் மேலாக வாரியம் சொத்து வரி வாங்கலாகாது என்று வரம்பிட்டது. நிதிநிலையைக் காப்பதற்கு இன்றியமையாதது என்று வாரியமே தீர்மானித்தால் வரம்பைத் தள்ளிவைக்கலாம் என்ற வாசலையும் திறந்து வைத்தது. அந்த வாசல் வழியாக வாரியம் அடிக்கடி போயிருக்கிறது. அதே காலத்தில், தண்ணீர் விற்ற வருவாயை ஈடாகக் காட்டி வாங்கும் வருவாய்ப் பத்திரங்கள் பெருகின. 1990களில் சுமார் 200 கோடி டாலர் செலவில் கட்டிய டயமண்ட் வேலி நீர்த்தேக்கம் பெரும்பாலும் இவ்வழியில் எழுந்தது.

செலவழித்தவன் கொடுக்கட்டும் என்பது கேட்பதற்கு இனிய நியாயம். தண்ணீரை வீணாக்குகிறவன் கையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துகிற நியாயமும்கூட. புல்வெளிக்கும் நீச்சல் குளத்துக்கும் இறைப்பவர் அதிகம் கொடுப்பதில் எவர்க்கும் ஆட்சேபம் இராது. ஆனால் கடனுக்குத் தாகம் தெரியாது என்பதே சங்கடம். 2015 ஏப்ரலில், கொடிய வறட்சியின் நான்காம் ஆண்டில், ஆளுநர் பிரவுன் நகரங்களின் நீர்ச் செலவை 25 சதவீதம் குறைக்க ஆணையிட்டார். மக்கள் மனமுவந்து குறைத்தார்கள்; புல்லைக் காயவிட்டார்கள்; குளிக்கும்போது வாளி வைத்து முதல் தண்ணீரைப் பிடித்துச் செடிக்கு ஊற்றினார்கள். தண்ணீர் குறைவாக விற்றதால் வருவாய் குறைந்தது. கடன் தவணையோ ஒரு காசும் குறையவில்லை. ஆகவே பல ஊர்களில் யூனிட் விலை ஏறியது. சிக்கனமாக இருந்ததற்குக் கிடைத்த சன்மானம் விலையேற்றம் என்று அந்த மக்கள் கசந்து பேசியதைக் குறைகூற இயலாது. அதே மாதத்தில்தான், அதிகம் செலவழிப்பவருக்கு அதிக விலை வைக்கும் படிநிலைக் கட்டணம் ஒவ்வொரு படியிலும் உண்மையான செலவுக்கு இசைந்திருக்க வேண்டும் என்று சான் ஹுவான் கபிஸ்ட்ரானோ வழக்கில் தீர்ப்பு வந்தது. கட்டணத்தைக் கருவியாகக் கொண்டு சிக்கனத்தை வளர்க்க நினைத்தவர்களின் கையும் இதனால் கட்டப்பட்டது.

வாடகைக்குக் குடியிருப்போர் நிலையை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பல அடுக்குமாடிகளில் தனி மீட்டர் கிடையாது. வரிச்சீட்டும் வராது, தண்ணீர்ச் சீட்டும் வராது. இரண்டும் வாடகைக்குள் கரைந்து வருகின்றன. தாம் எந்தக் கால்வாய்க்குக் கடன் அடைக்கிறோம் என்பதே தெரியாமல் வாழ்நாள் முழுதும் அடைத்துக்கொண்டிருக்கும் மக்கள் அவர்கள்.

இவ்வளவையும் எடைபோட்டுப் பார்க்கையில், வரியா கட்டணமா என்பதைவிட ஆழமான வேற்றுமை ஒன்று கண்ணில் படுகிறது. பொதுப் பொறுப்புப் பத்திரத்துக்கு ஜனங்களின் வாக்கு வேண்டும். 1931இல் கேட்டார்கள், 1966இல் 85 கோடி டாலருக்கு மறுபடி கேட்டார்கள். மாநில நீர்த் திட்டத்துக்காக 1960இல் மாநிலம் முழுவதும் 175 கோடி டாலருக்கு வாக்கெடுத்தபோது, சுமார் 1,74,000 வாக்கு வித்தியாசத்தில்தான் அது தேறியது. அந்த வாக்கின் பலத்தால்தான் இன்றும் சொத்து வரி வாங்குகிறார்கள். நூற்றுக்கு ஒன்று என்ற 1978இன் வரம்பு அதற்குப் பொருந்தாதென்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பாட்டன் போட்ட வாக்குக்குப் பேரன் பணம் கட்டுகிறான் என்பது குறைதான். ஆனால் பாட்டன் கட்டிய கால்வாயில் பேரனும் குடிக்கிறான். வருவாய்ப் பத்திரங்கள் ஒவ்வொன்றுக்கும் அவ்வாறு வாக்குக் கேட்க வேண்டியதில்லை. வாரியத்து இயக்குநர்களை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பதும் இல்லை. உறுப்பு ஊர்களும் நீர் அமைப்புகளும் அவர்களை அனுப்புகின்றன. அவர்களுடைய வாக்கின் எடையும் அந்தந்தப் பகுதியின் சொத்து மதிப்பைப் பொறுத்தது. வீட்டுக்குத் தண்ணீர் விற்கும் உள்ளூர் அமைப்பு விலையை ஏற்ற நினைத்தால், 1996இன் 218ஆவது முன்மொழிவின்படி 45 நாள் முன்னதாக அறிவிப்பு அனுப்ப வேண்டும். மனைக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எழுத்து மூலம் எதிர்த்தால்தான் அது நிற்கும். கடிதம் எழுதாதவர் எல்லாம் சம்மதித்தவராகக் கணக்கிடப்படுகிறார். வாக்குச் சாவடிக்குச் சென்று ‘சரி’ என்று சொல்வதற்கும், பரபரப்பில் ஒரு தபாலைப் பிரிக்காமல் விட்டுவிடுவதற்கும் உள்ள தூரம் கொஞ்சமன்று.

ஆகையால் என் முடிவு இது. நூறாண்டு நிற்கும் கால்வாய்க்கும் தேக்கத்துக்கும் வாங்கும் கடன் நிலத்தின் மேலேயே இருக்க வேண்டும். 1978இன் கோணல் மதிப்பை நம்பாமல், மனையின் அளவையும் மீட்டரின் அளவையும் கொண்டு அதனைப் பகிர வேண்டும். நீரை ஏற்றவும் சுத்திகரிக்கவும் அன்றாடம் ஆகும் செலவு தண்ணீரின் மேல் இருக்கட்டும். இரண்டையும் குழப்பிய இடத்தில்தான் சிக்கனமானவன் தண்டிக்கப்படுகிறான்.

இப்போது மாநில நீர்த் திட்டத்துக்காகச் சாக்ரமெண்டோ டெல்டாவின் அடியில் பெருஞ்சுரங்கம் ஒன்று தோண்ட மாநில அரசு முனைந்திருக்கிறது. 2024இல் அது வெளியிட்ட மதிப்பீடு 2,010 கோடி டாலர். அவ்வாண்டு டிசம்பரில் பெருநகர நீர் வாரியம் அதன் திட்டமிடும் செலவுக்கு 14 கோடியே 16 லட்சம் டாலர் தர இசைந்தது. சுரங்கம் வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பொறியியலாரும் மீனவரும் டெல்டா விவசாயிகளும் வாதிடட்டும். ஆனால் அதன் பொருட்டு வாரியம் தன் பங்குக் கடனில் கையெழுத்திடும் நாளுக்கு முன், ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுக்கு எத்தனை டாலர், எத்தனை ஆண்டுகள் என்று எழுதிக்காட்டி, ஆறு கவுண்டி மக்களிடமும் வாக்குக் கேட்க வேண்டும். வேலையின்றிக் கஞ்சிக்கு நின்ற காலத்திலேயே அவர்களுடைய பாட்டனாரிடம் கேட்டிருக்கிறார்கள்.