செவ்வாய்ப் பொங்கலிலிருந்து வெள்ளிப் பிரியாணி வரை

சாப்பிடுவதற்காக ஊர் சுற்றுகிறவர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு யோசனைதான் உண்டு. ஓட்டல் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுங்கள், அதிலும் தை மாதப் பக்கத்தை. பொங்கல் கழிந்த முதல் செவ்வாய்க்கிழமை நாட்டரசன்கோட்டையில் வெண்பொங்கல். தைப்பூசத்தன்று மதுரையில் தெப்பம். தை இரண்டாம் வெள்ளி ராத்திரி வடக்கம்பட்டியில் பிரியாணி. இந்த மூன்றையும் முதலில் குறித்துக்கொண்டு, இடையில் கிடைக்கிற நாட்களில் செட்டிநாட்டு வீடுகள், கீழடி, அழகர்கோவில் என்று போட்டு நிரப்பினால் போதும். தமிழ்நாட்டில் இதைவிட ருசியான பயணம் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்வேன். மிகையாகத் தெரிந்தால் தெரியட்டும்.

நான் போனது 2024-ல். அந்த வருஷம் தைப்பூசம் ஜனவரி 25, வியாழன். மறுநாளே இரண்டாம் வெள்ளி. இப்படி ஒட்டினாற்போல எல்லா வருஷமும் அமையாது. 2026-ல் பூசம் பிப்ரவரி 1-க்குத் தள்ளிப்போனது. செவ்வாயையும் வெள்ளியையும் விரல்விட்டு எண்ணிவிடலாம், பூசம்தான் நழுவும். அதனால் முதலில் பூசம் எப்போது என்று பார்த்துவிட்டு லீவு எழுதிக் கொடுங்கள். பொங்கலுக்கே போய் இறங்கினால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டும் உண்டு. எனக்கு நெரிசல் ஆகாது, அதை டிவியில் பார்த்துக்கொண்டேன்.

நாட்டரசன்கோட்டை சிவகங்கைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர். கம்பர் சமாதி இருப்பது இங்கேதான். கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் வாசலில் அந்தச் செவ்வாயன்று மதியத்திலிருந்தே அடுப்புக் கூட்டுகிறார்கள். செட்டிநாட்டு நகரத்தார் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் வரிசை கட்டி உட்கார்ந்திருக்கின்றன. கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு புள்ளி. புள்ளிகளின் பெயரைச் சீட்டில் எழுதிப் போட்டு எடுப்பார்கள். முதலில் வந்த பெயருக்கு முதல் பானை. அந்தப் பானை ஏறுகிற வரை மற்ற அடுப்புகள் காத்திருக்கும். ஏறியதும் பாருங்கள், தெருவே புகைந்து எழும்புகிறது! பட்டுச்சேலையும் வைரத்தோடுமாகப் பெண்கள் குனிந்து விறகைத் தள்ளுகிறார்கள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் மட்டும் ஓயவில்லை.

“சிங்கப்பூர்லருந்து எம் பேரன் இதுக்குன்னே வந்திருக்கான் தம்பி. அப்படியே பொண்ணும் பார்த்துருவோம்” என்றார் ஓர் ஆச்சி. அவர் கேலி செய்யவில்லை. உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் சொந்தபந்தம் ஒரே தெருவில் கூடும் நாள் அது. பானைக்கும் பானைக்கும் நடுவில் ஜாதகமும் கைமாறுகிறது. அந்த வெண்பொங்கலில் முந்திரி மிதக்கவில்லை, ஆடம்பரம் எதுவும் இல்லை. விறகுப்புகை ஏறிய அரிசியும் பாலும்தான். இலைத் துண்டில் வாங்கி நின்றபடியே தின்றேன். அடடா!

அடுத்து காரைக்குடி. அந்த வாரம் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு, முன்னாடியே சொல்லி வைத்துவிடுங்கள். கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனையை வெளியிலிருந்து பார்த்தாலே கழுத்து வலிக்கும். பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று எல்லா வழிகாட்டிகளும் ஒப்பிக்கிற பாட்டை நான் வேறு பாட வேண்டாம். என்னைக் கட்டிப்போட்டது ஆத்தங்குடியில் ஒரு கொட்டகை. கண்ணாடித் துண்டின் மேல் பித்தளை அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் வர்ணக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார் ஒருவர். அச்சைத் தூக்கியதும் பூ அப்படியே நிற்கிறது. அதன் மேல் சிமெண்டும் மணலும் தூவி, கலவை பூசி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடியைப் பிரித்தெடுத்தால், மெஷின் படாமலே அந்தப் பளபளப்பு. பக்கத்திலேயே ஒரு வீட்டு முற்றத்தில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும், பின்னால் கவுனி அரிசியும். கறுத்து, பிசுக்கென்று, தேங்காய்த்துருவலோடு வந்த அந்தக் கவுனிக்கு நான் சொத்தை எழுதித் தரவும் தயார். பிள்ளையார்பட்டிக் குடைவரையில் இரண்டே கையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு மதுரைக்கு வண்டி ஏறினேன்.

வழியில் கீழடியில் இறங்காமல் போகாதீர்கள். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டுப் பாணியிலேயே கட்டியிருக்கிறார்கள். முந்தின நாள் பார்த்த முற்றமும் தூணும் மறுபடி கண்ணில் பட, உள்ளே பானை ஓட்டில் ‘ஆதன்’ என்று கீறின எழுத்து. தன் பானை தன்னிடமே திரும்பி வரவேண்டும் என்ற கவலை அந்த ஆளுக்கும் இருந்திருக்கிறது போல.

அழகர்கோவில் தோசையைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம், ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். பச்சரிசியும் தோல் நீக்காத கறுப்பு உளுந்தும் அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு போட்டு, நெய்யில் ஊறவிட்டுச் சுட்ட தடித்த தோசை. சட்னி, சாம்பார் கேட்டால் சிரிப்பார்கள். ஓரம் கடக்கென்று உடைகிறது, நடுவில் மிளகு சுள்ளென்கிறது, சுக்கு தொண்டையில் இறங்குகிறது. பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதியைத் தாண்டி வந்து மரத்தடியில் உட்கார்ந்து தின்ன வேண்டும். மேலே குரங்கு காத்திருக்கும், பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பூசத்தன்று ராத்திரி வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி மதுரையே உட்கார்ந்திருந்தது. திருமலை நாயக்கர் தன் அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண்ணெடுத்த பள்ளம்தான் இந்தக் குளம் என்பார்கள். 1636-ல் எழும்பிய அந்த மகாலில் இன்று மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கே வாய் பிளந்து நின்றவன் நான். மின்விளக்கு மினுங்க, மீனாட்சியும் சுந்தரேஸ்வரரும் ஏறிய தெப்பத்தைக் கரையிலிருந்து வடம் பிடித்து இழுக்கிறார்கள். மைய மண்டபத்தைச் சுற்றி அது அசைந்து வரும்போது என் கையில் ஜிகர்தண்டா. பால், கடற்பாசி, நன்னாரி, ஐஸ்கிரீம். தை மாதக் குளிரில் இதைக் குடிப்பது பைத்தியக்காரத்தனம்தான். இரண்டாவது டம்ளருக்கும் சொன்னேன்.

எல்லாவற்றுக்கும் சிகரம் வடக்கம்பட்டி. திருமங்கலம் தாண்டி, கள்ளிக்குடி பக்கம். முனியாண்டி விலாஸ் ஓட்டல் போர்டைப் பார்க்காத தமிழர் யார்? அந்த முனியாண்டி இந்த ஊர்க் காவல் தெய்வம். முதல் கடையை 1937-ல் வடக்கம்பட்டிக்காரர் சுப்பா நாயுடு திறந்தார், அதுவும் நான் விட்டு வந்த காரைக்குடியில்! செட்டிநாட்டுக்குப் போய்க் கடை போட்டவர்களின் சாமியை அதே வாரத்தில் வந்து பார்க்கிறோம் என்று நினைத்தபோது எனக்குப் புல்லரித்தது. எங்கெங்கோ கடை நடத்துகிறவர்கள் தினமும் முதல் பில் காசை உண்டியலில் போட்டுச் சேர்த்து, தையில் குடும்பத்தோடு இங்கே வந்துவிடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை பகலில் பால்குடம். சாயங்காலம் பெண்கள் தேங்காய், பழம், பூத்தட்டு ஏந்தி மேளத்தோடு கோயிலுக்கு நடக்கிறார்கள். அதன்பிறகுதான் வேலை தொடங்குகிறது. நேர்ந்துவிட்ட கிடாய்கள், மூட்டை மூட்டையாக அரிசி, ஆள் உயரத்துக்கு வெங்காயக் குவியல். வரிசையாக அண்டாக்கள், அடியில் விறகு. ஓட்டல் முதலாளிகளே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளறுகிறார்கள். தம் போட்டு மூடி மேல் தணலை அள்ளிக் கொட்டினபோது நடுநிசி தாண்டிவிட்டது. கறியும் பட்டையும் புதினாவும் கலந்த அந்த வாசத்தில் யாருக்குத் தூக்கம் வரும்? திண்ணை திண்ணையாக ஊர் முழித்துக்கொண்டிருந்தது.

விடியுமுன் முதல் அண்டாவைத் திறந்து முனியாண்டிக்குப் படைத்தார்கள். பிறகு பந்தி. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் தூக்குவாளியும் குண்டானுமாக நிற்கிறார்கள். யார், எவர், எந்த ஊர் என்று ஒரு கேள்வி கிடையாது. அரிசி உதிரியாக, கறி எலும்பை விட்டு நழுவ, காரம் நிதானமாக ஏறியது. அதிகாலையில் பிரியாணியா என்று மூக்கைச் சுளிப்பவர்களுக்காகப் பரிதாபப்படுகிறேன். போதும் என்று கையை மறித்தால், வாளியோடு நின்றவர் விடவில்லை.

“என்னண்ணே, இம்புட்டுதானா? சாமி சோறுண்ணே, வேண்டாம்னு சொல்லப்படாது.”

சொல்லவில்லை. இலையை வழித்துவிட்டு எழுந்தபோது அவரே இன்னொரு சேதியும் சொன்னார்: இது நாயுடுமார் நடத்துகிற விழாவாம், ரெட்டியார்கள் மாசியில் இதே கோயிலில் இன்னொரு பிரியாணி போடுவார்களாம். கை கழுவின ஈரம் காயுமுன் போனை எடுத்து, மாசி வெள்ளி எந்தத் தேதியில் வருகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.