தடுத்திருக்க முடிந்த சாவுகள்

செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் ‘கர்ண மோட்சம்’ கூத்தை அறியாத ஊர் குறைவு. திரௌபதி அம்மன் திருவிழாவில் ஆடுவார்கள். பெரியவர் யாராவது இறந்துபோனால் கருமாதி இரவிலும் ஆடுவார்கள். விடிவதற்குள் கர்ணன் செத்துப்போவான் என்பது மத்தளம் கொட்டத் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் பாயை விரித்து உட்கார்ந்து அழுகிறார்கள். ‘இந்தத் தடவையாவது அவனைப் பிழைக்க வையுங்கள்’ என்று யாரும் கூத்து வாத்தியாரிடம் போய் நின்றதில்லை.

தாமஸ் ஹார்டியின் ‘டெஸ்’ நாவலைப் படித்து முடித்தவர்கள் அப்படி அமைதியாக எழுந்து போவதில்லை. 1891இல் வெளிவந்த நாள் முதல் இன்றுவரை அதன் வாசகர்கள் இரண்டு கட்சிதான். டெஸ்ஸைத் தூக்கில் போட்டது அநியாயம், ஆசிரியருக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்பது ஒரு கட்சி. வேறு எப்படி முடித்தாலும் அது பொய்யாகிவிடும் என்பது இன்னொன்று. விக்டோரியா காலத்து நாவல்களில் சோக முடிவு கொண்டவை எல்லாவற்றுக்கும் இந்த வழக்கு உண்டு. ஆங்கில இலக்கியம் படிக்கப் போகும் நம் பிள்ளைகளும் இதற்குத் தப்புவதில்லை. கர்ணனின் சாவை ஏற்கிற மனம் டெஸ்ஸின் சாவை ஏன் எதிர்க்கிறது என்று கேட்டுப் பார்த்தால், சோக முடிவின் பலமும் பலவீனமும் சேர்ந்தே வெளிப்படும்.

முடிவை மாற்றச் சொல்லும் ஆசை நேற்று வந்ததல்ல. ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்துக்கு நாஹும் டேட் என்பவர் 1681இல் நல்ல முடிவு எழுதிச் சேர்த்தார். கார்டீலியா பிழைத்தாள், கல்யாணமும் செய்துகொண்டாள். மக்ரெடி என்ற நடிகர் 1838இல் பழைய சோகத்தை முழுமையாக மேடைக்குத் திருப்பிக் கொண்டுவரும்வரை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இங்கிலாந்து மேடையை ஆண்டது டேட்டின் வடிவம்தான். பிறகு நாவல்கள் தவணை தவணையாக வரத் தொடங்கியதும் வாசகரின் கை இன்னும் நீண்டது. ‘பழம்பொருள் அங்காடி’ வாரந்தோறும் வந்துகொண்டிருந்தபோது, சிறுமி நெல்லைச் சாகடிக்க வேண்டாம் என்று டிக்கன்ஸுக்குக் கடிதங்கள் குவிந்தன. அவர் கேட்கவில்லை, 1841இல் நெல் இறந்தாள். ஆனால் 1861இல் ‘பெரும் எதிர்பார்ப்புகள்’ நாவலில் பிப்பும் எஸ்டெல்லாவும் பிரிவதாக எழுதியதை, நண்பர் புல்வர் லிட்டனின் பேச்சைக் கேட்டு மாற்றினார். சார்லட் பிரான்டியின் தந்தைக்குச் சோகமாக முடியும் கதைகள் பிடிக்காது. ஆகவே 1853இல் ‘வில்லெட்’ நாவலில் கப்பல் கவிழ்ந்ததா, காதலன் திரும்பினானா என்பதைச் சொல்லாமலே மகள் விட்டுவிட்டார்.

தமிழ் வாரப் பத்திரிகை வாசகருக்கும் இந்த நோவு புதிதல்ல. விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே மண்டகப்பட்டில் குடைவரை அமைத்த மகேந்திரவர்மன் நடமாடும் கதைதான் கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’. அதில் சபதம் நிறைவேறுகிறது, காதல் நிறைவேறவில்லை. சிவகாமி இறைவனுக்கே தன்னை ஒப்படைக்கிறாள். அதை மன்னிக்காத வாசகர்கள் இன்றும் இருக்கிறார்கள். நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ அரவிந்தனை நோய் கொண்டுபோனது. வாசகர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்துத் தீர்த்துக்கொண்டார்கள்.

எல்லாச் சோக முடிவும் ஒரே தரமா? இல்லை. பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: இந்தச் சாவை யார் தடுத்திருக்கலாம்? கதைக்குள் இருக்கும் ஒரு மனிதரோ சட்டமோ வழக்கமோ தடுத்திருக்கலாம் என்றால் அந்தச் சோகம் கதை சம்பாதித்தது. ஆசிரியர் மட்டும்தான் தடுத்திருக்கலாம் என்றால் அது திணித்தது.

டெஸ்ஸில் இரண்டும் உண்டு. கல்யாணத்துக்கு முன்பு, தனக்கு நேர்ந்ததை எல்லாம் எழுதி, தன்னை மணக்கப்போகும் ஏஞ்சல் கிளேரின் அறைக் கதவுக்கு அடியில் டெஸ் ஒரு கடிதத்தைச் செருகுகிறாள். கடிதம் கதவைத் தாண்டியது, ஆனால் உள்ளே விரித்திருந்த கம்பளத்துக்கும் அடியில் போய்விட்டது. கல்யாண நாளில்தான் அதைக் கண்டெடுக்கிறாள். கம்பளம் இரண்டு அங்குலம் தள்ளி இருந்தால் கதையே வேறு. இங்கே வாசகருக்கு வரும் கோபம் நியாயமானது. விதி என்று ஹார்டி சொல்வது உண்மையில் ஹார்டியின் விரல்.

அதே நாவலில் இன்னொரு இடம். டெஸ்ஸின் அப்பா இறந்ததும் குடும்பம் தெருவுக்கு வருகிறது. அவர்கள் குடியிருந்த வீடு மூன்று ஆயுள் குத்தகை. மூன்றாவது ஆயுள் அப்பாவுடையது. அவர் மூச்சு நின்ற அன்றே வீட்டின் மேலிருந்த உரிமையும் முடிந்தது. ‘கெட்டுப்போன’ மகள் இருக்கும் வீட்டைக் காலிசெய்ய ஊரும் காத்திருந்தது. தாயும் தம்பி தங்கைகளும் நடுத்தெருவில் நிற்பதைப் பார்த்துத்தான், தன்னைக் கெடுத்த அலெக்கிடமே டெஸ் திரும்பிப் போகிறாள். அவனை அவள் கொல்வதும் தூக்கில் சாவதும் அங்கிருந்து வருகின்றன. குத்தகைச் சட்டம் தடுத்திருக்கலாம். பிரேசிலுக்குப் போன கணவன் தடுத்திருக்கலாம். ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்ற ஊர்ப் பேச்சு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் போதும். யாரும் தடுக்கவில்லை. குத்தகையும் குடிபெயர்வும் அறிந்த நம் மாவட்டத்து வாசகருக்கு இதை விளக்க உரை தேவையில்லை.

ஜார்ஜ் எலியட்டின் ‘ஃப்ளாஸ் நதி ஆலை’ (1860) இந்தக் கேள்வியில் தடுமாறுகிறது. மேகிக்கும் அண்ணன் டாமுக்கும் நடுவே அத்தனை நுட்பமாக வளர்ந்த பிணக்கை வெள்ளம் வந்து ஒரே இரவில் தீர்த்துவிடுகிறது. இருவரும் கட்டிக்கொண்டே மூழ்குகிறார்கள். மேகி உயிரோடு அந்த ஊரில் எப்படி வாழ்வாள் என்பதுதான் உண்மையான கஷ்டம். அதை எழுதாமல் ஆற்றில் விட்டுவிட்டார். மகிழ்ச்சியான முடிவைப் போலவே சோக முடிவும் சில நேரம் சோம்பேறித்தனம்தான்.

வாசகருக்காகக் கதையை மாற்றச் சொன்ன பத்திரிகைகள் மட்டும் உண்மைக்குப் பாடுபட்டனவா? ‘டெஸ்’ முதலில் ‘கிராஃபிக்’ வார இதழில் தொடராக வந்தபோது, அலெக் செய்த பாதகத்தைப் போலிக் கல்யாணமாக மாற்றி எழுத வேண்டியிருந்தது. தண்ணீர் தேங்கிய பாதையில் ஏஞ்சல் பால்காரப் பெண்களைக் கையில் தூக்கிப்போவதுகூட ஆகாது என்று, அவர்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி அனுப்பினார் ஹார்டி. வாசகர் மனம் நோகக்கூடாது என்று தொடங்கினால் அது தள்ளுவண்டியில்தான் போய் முடியும்.

இனி கூத்துக்கு வருவோம். கர்ணனின் சாவை யார் தடுத்திருக்கலாம்? குந்தி ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். கிருஷ்ணனுக்கு எல்லாம் தெரியும். ஆக, என் கேள்வியில் கர்ணன் கதை முதல் தரத்தில் தேறுகிறது. சோகத்தைச் சுமக்கும் விதத்திலோ நாவலால் எட்டவே முடியாத ஒன்று திரௌபதி அம்மன் விழாவில் இருக்கிறது. பகலில் பாரதம் படிப்பு, இரவில் கூத்து என்று நாள்கணக்கில் போய், படுகளத்தன்று காலையில் துரியோதனன் மண்ணுருவமாக மல்லாந்து கிடப்பான். கட்டை கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றி ஓடிச் சண்டை போடுவார்கள். தொடையில் அடி விழும், உள்ளே மறைத்து வைத்த சிவப்பு நீர் வழியும், அதைத் தொட்டுப் பாஞ்சாலி கூந்தல் முடிவாள். பகைவன் சாவுக்கும் அங்கே ஒப்பாரி உண்டு. சாயங்காலம் தீமிதி, பிறகு தருமர் பட்டாபிஷேகம். அழ வைத்தவர்களே அழுகையிலிருந்து கைபிடித்து வெளியே அழைத்து வருகிறார்கள். கருமாதி வீட்டில் கர்ணன் சாகும்போது, சொந்தச் சாவுக்கு அடக்கி வைத்த அழுகையும் சேர்ந்தே கரைகிறது. நாவல் வாசகரோ கடைசிப் பக்கத்தோடு தனியாக விடப்படுகிறார். அவருடைய கோபத்தில் பாதி இந்தத் தனிமையிலிருந்து வருவது.

ஆனால் இந்த ஆறுதலுக்கு ஒரு விலை இருக்கிறது. ‘கர்ண மோட்ச’த்தின் உயிர் பொன்னுருவி காட்சி. தேரோட்டி மகன், பிறப்பில் தாழ்ந்தவன் என்று கட்டிய மனைவியே கர்ணனை இளக்காரம் செய்கிறாள். போருக்குப் போகும் நேரத்தில் அவன் பிறப்பு தெரியவந்ததும் கதறுகிறாள். பார்க்கும் நாமும் கதறுகிறோம். அவன் உண்மையிலேயே தேரோட்டி மகனாக இருந்திருந்தால் அந்த இளக்காரம் சரியாகிவிடுமா? கூத்து அதைக் கேட்பதில்லை. கிருஷ்ணன் புண்ணியத்தைத் தானமாக வாங்கிக்கொண்டு காட்சி கொடுத்ததும் கர்ணனின் கணக்கு தீர்ந்துவிடுகிறது, பிறப்பின் கணக்கு தீராமலே மூடப்படுகிறது. ஊர் சேர்ந்து அழுவதிலும் அந்த ஊர் என்பது யார் என்ற கேள்வி உண்டு. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவதை எதிர்த்து எழுந்த தகராறில், 2023 ஜூனில் அதிகாரிகள் அந்தக் கோயிலையே பூட்டி சீல் வைத்தார்கள். சபையில் அவமானப்பட்ட பாஞ்சாலிக்குக் கட்டிய கோயில் அது. சோகம் எல்லோரையும் ஒன்றாக்கும் என்ற பேச்சை அந்தப் பூட்டு பொய்யாக்கியது.

ஹார்டியின் பெருமை இங்கேதான். அவர் டெஸ்ஸுக்கு மோட்சம் தரவில்லை. சிறைக் கோபுரத்தில் கறுப்புக் கொடி ஏறுகிறது, அவ்வளவுதான். சமாதானம் ஆகாத வாசகர், அவள் எதற்காகச் செத்தாள் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதாகிறது. 1895இல் அவருடைய ‘ஜூட்’ நாவல் வந்த பிறகு, அப்படிப்பட்ட கேள்வியைத் தாங்காத ஒரு பிஷப் புத்தகத்தை நெருப்பில் போட்டதாக அறிவித்தார். ஹார்டி அதன் பிறகு புதிதாக நாவல் எழுதவில்லை. ‘ஜூட்’டில் குழந்தைகளின் சாவு அளவு மீறியது என்ற குற்றச்சாட்டு எனக்கும் சரியென்றே படுகிறது. ஆனால் அந்த பிஷப்பைச் சுட்டது குழந்தைகளின் சாவு அல்ல, கல்யாணச் சட்டத்தின் மேல் வைத்த கேள்வி.

ஆகவே சோக முடிவை வெறுக்கும் வாசகரை மெல்லிய மனசுக்காரர் என்று தள்ள வேண்டாம். கம்பளத்துக்கு அடியில் கடிதம் போகும்போது கோபப்படும் வாசகர் நல்ல வாசகர். குத்தகை முடிந்து குடும்பம் தெருவுக்கு வரும்போதும் ‘ஆசிரியர் கொடூரமானவர்’ என்று மட்டும் சொல்லிப் புத்தகத்தை மூடினால்தான் பிழை. அங்கே கொடூரம் ஆசிரியருடையதல்ல. டெஸ்ஸையும் கர்ணனையும் ஒரே வாரத்தில் ஒரே வகுப்பில் வைத்துப் படிக்க விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகளைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. முடிவு பிடித்ததா என்று மாணவர்களைக் கேட்பதை விட்டுவிட்டு, யார் தடுத்திருக்கலாம், ஏன் தடுக்கவில்லை என்று பெயர் பெயராக எழுதச் சொல்லலாம். அந்தப் பட்டியலில் ஆசிரியர் பெயர் மட்டும் இருந்தால் நாவல் தோற்றது. குந்தியின் பெயரும் குத்தகைச் சட்டத்தின் பெயரும் ஊரின் பெயரும் வந்தால் அந்தச் சாவை மாற்றி எழுதச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.